யார் செய்த வினை?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒருவருக்குக் கால் மரத்துப்போனால், பழி முதலில் நாற்காலியின் மேல்தான் விழும். ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், ஒரே இடத்தில் உட்கார்ந்து தைத்தால் மரக்காமல் என்ன செய்யும் என்பார்கள். அடுத்த வாரம் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சத்து மாத்திரை. அதற்கும் சரியாகாவிட்டால் நரம்புக்கு ஊசி. பார்வை மங்கினால் கண்ணாடிக் கடை. காலை இழுத்து நடக்க ஆரம்பித்தால் எண்ணெய் போட்டு நீவுகிறவர். இத்தனையும் பார்த்தாகிவிட்டது, ஆறு மாதம் கழித்துக் கையும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்றால், பீரோவிலிருந்து ஜாதகம் வெளியே வரும். கோயம்புத்தூருக்கு பஸ் ஏறி நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது பல குடும்பங்களில் அதற்கும் பிறகுதான்.

ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொள்வோம். முப்பது வயது, ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட். பெடலில் பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும்தான் மெஷினின் வேகத்தை அவள் அடக்கி வைத்திருக்கிறாள். இரண்டு துணி விளிம்புகளையும் கை சேர்த்துக் கொடுக்கிறது, பிளேடு பிசிறை வெட்டுகிறது, நூல் விளிம்பைச் சுற்றிப் பூட்டுகிறது. ஒரு தோள் சேரச் சில நொடிகள் போதும். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது பாதத்துக்கே தெரியாமல் போகிற நாளில் மெஷின் பிய்த்துக்கொண்டு ஓடும், தையல் விலகும், செக்கிங் டேபிளிலிருந்து கட்டு திரும்பி வரும். சனிக்கிழமை சம்பளத்தில் அது தெரிந்துவிடும். அவளுக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று கொள்வோம். மருத்துவர்களும் நோயாளிகளும் சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள்; அரசு ஆணைகளில் தண்டுவட மரப்பு நோய் என்று வரும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் வெள்ளைத் திட்டுகள் தெரியும். ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அந்த வீட்டில் எழுகிற கேள்வி எந்த ஸ்கேனிலும் விழாது. "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுனனோ சாமி."

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் இரண்டு பதில்கள் ரெடியாக இருக்கின்றன. எல்லாம் முன்வினை, அனுபவித்துத்தான் கழிக்கணும் என்பது ஒன்று. பாவமாவது புண்ணியமாவது, இது வெறும் உடம்பு, மருந்தைச் சாப்பிடு என்பது இன்னொன்று. முதல் பதில் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. இரண்டாவது பதில் சரியானதுதான். ஆனால் அவள் கேட்டது மருந்தைப் பற்றி இல்லையே. இத்தனை லட்சம் பேர் தைக்கிற ஊரில் ஏன் எனக்கு என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியைச் சமயமும் விஞ்ஞானமும் எப்படிக் கையாண்டிருக்கின்றன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகவே பார்க்க வேண்டும்.

நோயின் கதையிலிருந்து தொடங்கலாம். 1868-இல் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்க்கோ என்ற மருத்துவர், உயிரோடிருந்தபோது நோயாளிகளிடம் தான் கண்ட நடுக்கத்தையும் குழறலையும், இறந்த பின் அவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் கண்ட கெட்டித் திட்டுகளையும் இணைத்து, இது தனி நோய் என்று நிறுவினார். நரம்பிழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது, மின்கம்பிக்கு மேலுறை போல. அந்த உறை நன்றாக இருந்தால் செய்தி நொடிக்கு நூறு மீட்டர் வரைகூடப் பாயும். உடம்பின் நோய் எதிர்ப்புப் படையே அந்த உறையை அரித்துவிட்டால் செய்தி தாமதிக்கும், சிதறும், சில இடங்களில் நின்றே போகும். தசையில் ஒரு குறையும் இருக்காது. அதற்கு உத்தரவு வந்து சேராது, அவ்வளவுதான்.

இந்த நோயின் கொடுமை, அது வெளியே தெரியாமல் இருப்பது. உறை போன நரம்பு வெப்பத்தைத் தாங்காது. உடம்பின் சூடு அரை டிகிரி ஏறினாலே பார்வை மங்கும், கால் துவளும். சூடு தணிந்தால் திரும்பிவிடும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890-இல் இதைப் பதிவு செய்தார். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்பு சந்தேகப்படுகிறவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துச் சோதிப்பதே ஒரு முறையாக இருந்தது. சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்கடியில், அயர்ன் டேபிளுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அந்தச் சோதனை தினமும் நடக்கிறது. காலையில் நன்றாக நடந்து வந்தாள், மதியத்துக்கு மேல் நடிக்கிறாள் என்று சூப்பர்வைசர் நினைப்பார். சோம்பேறி என்ற பட்டமும் ஒருவிதத்தில் முன்வினைத் தீர்ப்புதான். என்ன, முன்ஜென்மம் வரை போகாமல் நேற்றோடு நின்றுவிடுகிறது.

இனி, ஏன் எனக்கு என்பது. 2022 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் ஹார்வர்டின் பியோர்னெவிக், அஷேரியோ குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க ராணுவத்தினரிடம் எச்.ஐ.வி. சோதனைக்காக அவ்வப்போது எடுத்த ரத்தத்தின் மிச்சம் உறைநிலையில் பாதுகாக்கப்பட்டிருந்தது. இருபது ஆண்டுகளில் பணியிலிருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களில் 955 பேருக்கு எம்.எஸ். வந்தது. அவர்களில் போதுமான ரத்த மாதிரிகள் இருந்தவர்களை எடுத்துப் பார்த்தபோது, முதல் மாதிரியில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் தடமே இல்லாதவர்கள் 35 பேர். அந்த 35 பேரில் 34 பேருக்கு நோய் தொடங்குவதற்கு முன்பே வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றியவருக்கு ஆபத்து 32 மடங்கு என்று கணக்கு வந்தது. அதே மாதம் ஸ்டான்போர்டின் ராபின்சன் குழு 'நேச்சர்' இதழில், அந்த வைரஸின் ஒரு புரதத் துண்டும் நரம்பு மண்டலத்தின் ஒரு புரதமும் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் காட்டியது. வைரஸைத் தாக்கத் தயாரான எதிர்ப்புப் புரதம் ஆள் தெரியாமல் சொந்த வீட்டையே அடிக்கிறது.

நூற்றைம்பது ஆண்டுத் துப்பறிதலில் இது பெரிய மைல்கல். ஆனால் நம் ஓவர்லாக் டெய்லரின் கேள்விக்கு இதிலும் பாதி பதில்தான். உலகத்தில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் உடம்பில் அந்த வைரஸ் இருக்கிறது. எச்சில் வழியே பரவுவது; நம் வீடுகளில் சிறுவயதிலேயே தொற்றிவிடும். எம்.எஸ். வருவதோ மிகச் சிலருக்கு. மங்களூரில் லேகா பண்டிட் குழு 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி லட்சத்துக்கு எட்டுப் பேர் சொச்சம். பரம்பரைக் கூறு, வைட்டமின் டி குறைவு, புகைப்பழக்கம், வளரும் வயதில் உடல் பருமன் என்று மேலும் சில காரணிகளைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எதுவும் இன்னாரைத்தான் பிடிக்கும் என்று கைகாட்டுவதில்லை. கடைசியில் மிஞ்சுவது தற்செயல்.

சென்னையின் பெயரையே தாங்கிய இன்னொரு நரம்பு நோய் இருக்கிறது. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவர் இளவயதினரைத் தாக்கும் ஒரு வகை இயக்க நரம்பு நோயை விவரித்தார்கள். கை கால் சூம்புகிறது, முகத்தசை தளர்கிறது, காதும் கேட்காமல் போகிறது. மருத்துவ உலகம் அதை 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் டிசீஸ்' என்றே அழைக்கிறது. அந்த ராமமூர்த்தி, சென்னையில் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கி வளர்த்த பி. ராமமூர்த்திதான். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த நோய்க்கு உறுதியான காரணம் பிடிபடவில்லை. மருத்துவர்கள் அங்கே தெரியாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தற்செயல், தெரியாது என்ற இந்த இரண்டு சொற்களும் விழுகிற இடத்தில்தான் முன்வினை வந்து உட்காருகிறது.

முன்வினைக் கொள்கையை முட்டாள்தனம் என்று தள்ளுவது எளிது, நியாயமில்லை. உலகம் குலுக்குச் சீட்டு இல்லை, எதற்கும் கணக்கு உண்டு என்கிறது அது. காரணமில்லாத துன்பத்தைவிடக் காரணமுள்ள துன்பம் தாங்கக் கூடியது என்று மனிதனுக்குத் தோன்றுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்துக் கொடுத்த சைவ சித்தாந்தத்தில் கன்மம் என்பது வெறும் தண்டனையும் இல்லை. உயிர் பக்குவப்படுவதற்கான வழி. அவருடைய மாணவர் அருள்நந்தி, பெற்றவர்கள் அடிப்பதும் அன்பினால்தான் என்கிற பாங்கில் இறைவனின் தண்டிப்பை விளக்குகிறார். வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார், ஆள்வினை உடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்த சமூகம் இது.

ஆனால் இந்தக் கொள்கைக்கு ஒரு விலை உண்டு. கணக்கு சரியாக வர வேண்டுமென்றால் படுத்திருக்கிறவள் ஏதோ செய்திருந்தாக வேண்டும். அவளுக்கே நினைவில்லாத ஒரு குற்றத்தை, பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அவள்மேல் சுமத்திவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போகலாம்.

சைவ மரபு இதை எப்படிப் பார்த்தது என்பதற்குப் பெரியபுராணத்திலேயே, அதுவும் கொங்கு நாட்டு வாசலில், அடுத்தடுத்து இரண்டு காட்சிகள் இருக்கின்றன. முதல் காட்சி திருச்சிக்குப் பக்கத்தில் திருவாசி, பழைய பெயர் திருப்பாச்சிலாச்சிராமம். கொல்லி மழவன் என்ற தலைவனின் மகளுக்கு முயலகன் என்ற நோய். நடராசர் காலடியில் கிடக்கிற அதே முயலகன் பெயரில் பழந்தமிழர் அழைத்த வலிப்பு வகை நரம்பு நோய். மருத்துவம் பலிக்காமல் மகளைக் கோயிலிலேயே கொண்டுவந்து கிடத்திவிட்டான் தகப்பன். அங்கே வருகிறார் ஞானசம்பந்தர். அவள் உணர்விழந்து கிடப்பதைப் பார்க்கிறார். என்ன செய்தாய் என்று பெண்ணைக் கேட்கவில்லை. நீ என்ன செய்தாய், உன் குடி என்ன செய்தது என்று மழவனையும் கேட்கவில்லை. அவர் பாடிய பதிகம் பாட்டுக்குப் பாட்டு இறைவனைத்தான் விசாரிக்கிறது. இந்தச் சின்னப் பெண்ணை இப்படி வாட்டுவது உமக்கு அழகா என்பதே அதன் சாரம். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறவர் சிவபெருமான். அந்தப் பெண் இல்லை.

அங்கிருந்து அவர் கொங்குக்கு வருகிறார். திருச்செங்கோட்டில் தங்கியிருக்கும்போது கூட வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டுவிடுகிறது. இங்கே சேக்கிழார் செய்கிற ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. இந்தக் காய்ச்சல் இந்த நிலத்தின் இயல்பு என்று சம்பந்தர் வாயாலேயே சொல்ல வைக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர் நோய்க்குப் பருவத்தையும் மண்ணையும் காரணமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறார்! சம்பந்தர் அப்போது பாடியது திருநீலகண்டப் பதிகம். அது எடுத்த எடுப்பில் பிடிப்பது முன்வினை பேசுகிறவர்களைத்தான். அந்த வினைக்கு இந்த வினை என்று கணக்குச் சொல்லத் தெரிந்தவர்களே, அதிலிருந்து வெளியேறும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது குறையில்லையா என்று கேட்கிறது. திருப்பூர்க்காரர்கள் அவிநாசிக்கும் திருமுருகன்பூண்டிக்கும் போகிற சாலை கொங்கேழு என்று சொல்கிற, கொங்கு நாட்டின் ஏழு பாடல்பெற்ற தலங்களின் சாலை. மனநலம் குன்றியவர்களைத் திருமுருகன்பூண்டிக்கு அழைத்து வந்து தங்கவைத்து வழிபடுகிற வழக்கம் இன்றும் உண்டு. அங்கே வழிபட வருகிறவர்களிடம் இந்த இரண்டு பதிகங்களின் பொருளை யாராவது எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மற்ற மரபுகளிலும் இதே எதிர்ப்பு உண்டு. சீவகன் என்ற துறவி, எல்லா வேதனையும் முன்வினையால்தானா என்று புத்தரைக் கேட்டபோது அவர் பித்தம், சிலேத்துமம், வாதம், அவை மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, தாக்குதல் என்று ஏழு காரணங்களைச் சொல்லிவிட்டு வினையை எட்டாவதாக வைத்தார். எல்லாமே வினைதான் என்கிறவர்கள் எல்லை மீறிப் பேசுகிறார்கள் என்றார். யோவான் சுவிசேஷத்தில் பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவரும் இல்லை என்கிறார் இயேசு.

வினை யாருடையது என்பதைப் பார்க்க, இனி ஓர் எண்ணெய்க் கதை. 1977, 78-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கால் விழ ஆரம்பித்தது. இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள். முதலில் கெண்டைக்கால் வலி, பிறகு பாதம் தொங்கியது, சிலருக்குக் கையும் தொங்கியது. ஆண்களுக்கு இல்லை, கிழவிகளுக்கு இல்லை, பெரும்பாலும் புதிதாக வயதுக்கு வந்தவர்கள். ஒரு தோட்ட லயத்தில் இதற்கு என்ன விளக்கம் கிளம்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தீட்டு, தோஷம், காத்து கருப்பு, யாரோ செய்த பாவம் என்று எதை வேண்டுமானாலும் பொருத்திவிடலாம். அவ்வளவு கச்சிதமாகப் பருவமடைந்த பெண்களையே தேடி வந்தது அந்த நோய்.

நிமல் சேனநாயக்க, ஜெயரத்னம் என்ற இரண்டு மருத்துவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். இந்தப் பெண்கள் மட்டும் சாப்பிடுவது என்ன? வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கம். உளுந்தங்களியில் ஊற்றுவார்கள், பச்சை முட்டையோடு குடிக்கக் கொடுப்பார்கள், இடுப்பு பலப்படும் என்று. அந்த நல்லெண்ணெயைச் சோதித்தபோது அதில் ட்ரை-கிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களில் சேர்க்கிற ரசாயனம், நரம்பை நுனியிலிருந்து கொல்லக்கூடியது. முன்பு கனிம எண்ணெய் அடைத்திருந்த பாத்திரங்களில் நல்லெண்ணெயை ஏற்றி அனுப்பியபோது கலந்திருக்கலாம் என்று 1981-இல் 'லான்செட்' இதழில் இருவரும் எழுதினார்கள். இதே விஷம் 1930-இல் அமெரிக்காவில் மலிவான இஞ்சிச் சாராயத்தின் வழியே பல்லாயிரம் பேரின் காலை எடுத்தது. 1959-இல் மொராக்கோவில் விமான எஞ்சின் எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் பத்தாயிரம் பேர் முடங்கினார்கள்.

அந்தப் பெண்கள் செய்த வினை எது? அம்மா அன்போடு கொடுத்ததைக் குடித்தார்கள். அம்மா செய்த வினை எது? மரபுப்படி நல்லது செய்தாள். ஆனாலும் இங்கே வினை என்று ஒன்று நிச்சயமாக நடந்தது. யாரோ ஒருவர், எங்கோ ஒரு கிடங்கில், பாத்திரத்தைக் கழுவச் சோம்பல்பட்டார், அல்லது நாலு காசு மிச்சம் பிடித்தார். செய்தவர் ஒருவர், அனுபவித்தவர் இன்னொருவர். இதுதான் முன்வினைக் கொள்கையின் அடித்தளத்தை ஆட்டுகிற இடம். செய்தவனே அனுபவிப்பான் என்பது அதன் உயிர்நாடி. உலகத்தில் நரம்பு நோய்களை, பொதுவாகவே துன்பத்தை, ஆராயப் போனால் அந்த நேர்கோடு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதற்கு எண்ணெய்க் கதைகூட வேண்டாம், நொய்யல் ஆறே போதும். மேலே சாயப்பட்டறைகள் விட்ட கழிவு கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த அணை சாயக்கிடங்காக ஆனது. சம்பாதித்தது ஒரு ஊர், கிணறு கெட்டது இன்னொரு ஊருக்கு. போன ஜென்மத்தில் செய்ததை அனுபவிக்கிறோம் என்று அந்த விவசாயிகள் உட்கார்ந்திருக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28-இல் சாயப்பட்டறைகளை, எழுநூறுக்கும் மேல், மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு ஊர் மாறியது அதற்குப் பிறகுதான்.

அதே 2011 ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. 13-ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்குப் போலியோ தாக்கியது. இயற்கையான போலியோ வைரஸ் இந்தியாவில் தாக்கியதில் அதுவே கடைசி. தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களைக் கொன்று தசையைச் சூம்ப வைக்கிற அந்த வைரஸ், ஒரு காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குழந்தைகளை முடக்கியது. பெற்றவர்கள் செய்த பாவம் பிள்ளையின் காலில் என்று எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பார்கள்! வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் போன்றவர்கள் சொட்டு மருந்து ஏன் நம் குழந்தைகளிடம் சரியாக வேலை செய்யவில்லை என்று ஆராய்ந்தார்கள். கூடுதல் தவணைகள் தேவை என்று சொன்னார்கள். 1995-இல் பல்ஸ் போலியோ தொடங்கியது. 2014 மார்ச் 27-இல் போலியோ ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. அப்படியானால் 2011-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் முன்வினை மட்டும் சுத்தமாகிவிட்டதா? அவர்களைப் பெற்றவர்கள் திடீரென்று புண்ணியவான்களாகிவிட்டார்களா? வினைதான் சொட்டு மருந்தாகவும் வந்தது என்று வைதீகர் பதில் சொல்லலாம். சொல்லட்டும். மருந்து கண்டுபிடிக்கிறவரைக்கும் பெற்றவளைக் குறை சொன்னதற்கு யார் பொறுப்பு என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்லட்டும்.

மகாத்மாவே இந்த வழுக்குப் பாறையில் கால் வைத்திருக்கிறார். 1934 ஜனவரி 15-இல் பீகாரில் பூகம்பம். தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்த காந்தி, 24-ஆம் தேதி திருநெல்வேலியில், தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்று பேசினார். தாகூர் பொறுக்கவில்லை. இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்று மறுத்து எழுத, காந்தி அதைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். காந்தியின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் அந்த இடிபாடுகளில் செத்தவர்களில் தலித்துகளும் இருந்தார்கள். அவர்கள் யாருடைய பாவத்துக்குச் செத்தார்கள்?

இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒரு விதிவிலக்கு தேவைப்படுகிறது. ஹாலந்தின் ஸ்கீடம் ஊரில் 1380-இல் பிறந்த லிட்வினா, பதினைந்து வயதில் பனிச்சறுக்கில் விழுந்தாள். அதன்பின் கால் தளர்ந்து, பார்வை குறைந்து, நோய் ஏறியும் இறங்கியும் 1433-இல் சாகும்வரை படுக்கையிலேயே கிடந்தாள். அவளுடையது எம்.எஸ்.ஸாக இருக்கலாம், பதிவானவற்றிலேயே முதல் நோயாளியாக இருக்கலாம் என்று சில மருத்துவர்கள் கருதுகிறார்கள். தன் வேதனையைக் கிறிஸ்துவின் பாடுகளில் பங்கு என்று அவள் எடுத்துக்கொண்டாள். திருநாவுக்கரசர் தன் சூலை நோயை இறைவன் தன்னைத் திருப்பி இழுத்த கயிறாகப் பார்த்தார். இதை யாரும் மறுத்துப் பேச வேண்டியதில்லை. தன் வலிக்கு என்ன பொருள் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வலியுள்ளவருக்கு உண்டு. என் வினை என்று அவள் சொன்னால் அது அவளுடைய சமயம். உன் வினை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அது வெறும் பழி. பெரியபுராணத்திலும் நோய் தம்முடையதாக இருந்தபோது நாவுக்கரசர் தம்மையே நொந்துகொண்டார். நோய் பிறத்தியாருடையதாக இருந்தபோது சம்பந்தர் கடவுளைக் கேள்வி கேட்டார். இந்த வேறுபாட்டை நம் மரபு எப்போதோ தெளிவாக்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள்தான் குழப்பிக்கொண்டோம்.

கோயம்புத்தூரில் ஜே. ஸ்வர்ணலதா என்ற பெண்மணி எம்.எஸ். நோயுடன் வாழ்கிறவர். கணவர் குருபிரசாத்துடன் சேர்ந்து 2014-இல் 'ஸ்வர்கா' அறக்கட்டளையைத் தொடங்கினார். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறிப் போகிற 'சாரதி' வாகனம் அவர்களுடைய முயற்சிகளில் ஒன்று. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் கதையும் நாடறிந்தது. கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியதை, தசைச்சிதைவு நோயுள்ள கணக்காய்வாளர் எஸ். சங்கரராமன் சேர்ந்து வளர்த்தார். ஏன் எனக்கு என்று இவர்களும் ஒரு நாள் கேட்டிருப்பார்கள். வண்டி வாங்குவதற்கும் பள்ளிக்கூடம் கட்டுவதற்கும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை காத்திருக்கவில்லை.

காத்திருப்பதுதான் இந்த நோயில் ஆபத்து. 1993-இல் முதல் இன்டர்பெரான் மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் கொடுத்ததிலிருந்து எம்.எஸ். சிகிச்சை வெகுதூரம் வந்துவிட்டது. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து வரவில்லை. ஆனால் தாக்குதல்களைக் குறைக்கிற, முடக்கத்தைத் தள்ளிப்போடுகிற மருந்துகள் பல இருக்கின்றன. அவை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். நாற்காலியைக் குறை சொல்லி, ஊசி போட்டு, நீவி, ஜாதகம் பார்த்துக் கழித்த மாதங்களில் போன மயலின் பெரும்பாலும் போனதுதான். பரிகாரம் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போகிற அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடமும் டோக்கன் போட்டுவிட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

திருப்பூர் கம்பெனிகளில் தைக்கிறவர்களும், செக்கிங் பார்க்கிறவர்களும், கைமடிக்கிறவர்களும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன், தசைச்சிதைவு மூன்றும் அதில் இருக்கின்றன. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தண்டுவட மரப்பு நோய்க்கு மாநில அரசின் மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அங்கேயே கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு, கீழுடல் செயலிழப்பு, மயஸ்தீனியா, தசைச்சிதைவு உள்ளிட்ட நீண்டகால நோய்ப் பட்டியலில் அவர்களுடைய நோய் வந்தால், தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு இரண்டு ஆண்டு வரை சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். அந்தப் பணம் கிடைக்கப் பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அது கம்பெனி முதலாளியின் வேலை.